தூக்கி வைத்த வீடு

கேட்டைத் தொடாதீர்கள் சார், பெயின்ட் ஒட்டும். போன வாரம் அடித்தது இன்னும் காயவில்லை. ஏகாம்பரம் வாங்குகிற பெயின்ட் அப்படி. வீடு பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்? உங்கள் வீட்டம்மா பாட்டுக்கு உள்ளே போய்விட்டார்கள், போகட்டும். அவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்து மூடிப் பார்த்து முடிப்பதற்குள் நீங்கள் இப்படி மேலே என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரனிடம் நாலு வார்த்தை கேட்காமல் யாராவது வீடு வாங்குவார்களா?

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். படி கொஞ்சம் செங்குத்து. தெருவுக்குள் நீட்டிக் கட்டினால் நகராட்சிக்காரன் வந்து இடிப்பான், அதனால் இருக்கிற இடத்துக்குள் மடக்கிக் கட்டினோம். உங்களுக்கு என்ன, முட்டி நன்றாக இருக்கிற வயது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும்.

உங்கள் வீட்டம்மாவுக்குக் கதவைத் திறந்தார்களே மஞ்சள் புடவை கட்டிய அம்மா, அது ஏகாம்பரத்தின் மனைவி இல்லை. அவன் மனைவி போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அது என் மனைவி, பங்கஜவல்லி. ஏகாம்பரத்தின் தங்கை. இந்த வீட்டுக்காரிதான், இப்போது அங்கே இருக்கிறாள். எங்களுக்குள் சண்டையெல்லாம் இல்லை. சண்டை எனக்கும் அவள் அண்ணனுக்கும்தான். அந்த வீடு கைமாறினால் அவன் பெங்களூருக்கு மகனிடம் போகிறான். இவள் ஓசூருக்கு எங்கள் மகளிடம் போகிறாளாம். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. போகட்டும், எனக்கென்ன. தகவலுக்குச் சொன்னேன்.

ஏகாம்பரத்தைப் பற்றி நான் எதுவும் தப்பாகச் சொல்ல மாட்டேன். அவன் ஒரு பிராடு. அவ்வளவுதான்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் லாரி ஓட்டினவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட்டது. அவன் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், எட்டாவது வரைக்கும் போனவன். அந்த ஐந்து வகுப்புத் திமிர் இன்னும் இறங்கவில்லை. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மனை வாங்கினோம். நடுவில் ரெண்டு சுவர் எதற்கு, ஒரே சுவராக எழுப்பினால் செங்கல் மிச்சம் என்றான். சரி, மச்சான்தானே என்று ஒத்துக்கொண்டேன். நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் என் கூரை அதன்மேல், அந்தப் பக்கம் அவன் கூரை அதன்மேல். அண்ணனும் தங்கையும் சுவரைத் தட்டியே பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் குழம்பு அனுப்பு, ரெண்டு தட்டு என்றால் காபிப் பொடி தீர்ந்துவிட்டது.

அஸ்திவாரம் போட்ட சமயம் நான் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தேன். வேலையை அவன் பார்த்துக்கொண்டான். திரும்பி வந்து பார்க்கிறேன், பேஸ்மட்டத்தில் அவன் பக்கம் ஒரு வரிசைச் செங்கல் அதிகம். ஒரே ஒரு வரிசை. கேட்டால் மேஸ்திரி கணக்குத் தப்பிவிட்டான் என்கிறான். கணக்குத் தப்பினால் என் பக்கம் தப்பியிருக்கக் கூடாதா சார்? அதெப்படி அவன் பக்கம் மட்டும் உயரமாகத் தப்பும்? பங்கஜவல்லிக்காக விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை, விட்டுவிட்டேன்.

அப்புறம் தெருவில் ரோடு போட்டார்கள். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தோசை மாதிரி இன்னொன்று ஊற்றுவார்கள். ரோடு ஏற ஏற வீடு இறங்கியது. முதலில் வாசற்படி போயிற்று, அப்புறம் வாசல் போயிற்று, கடைசியில் ஆட்டோக்காரன் ஹெட்லைட் போட்டால் அது நேராக என் தலையணையில் விழும். அவன் வீட்டுக்கும் அதே கதிதான், ஆனால் ஒரு வரிசைச் செங்கல் குறைவான கதி. என் பேத்திக்குக் காது குத்தினோம். மொட்டை மாடியில் பந்தி. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். ஏகாம்பரம் கையில் சாம்பார் வாளியோடு நின்று சொல்கிறான்:

“சாப்பிட்டவங்க மெதுவா எறங்குங்கப்பா. எங்க வீட்டு வழியா வந்தா நல்லது. மாப்ளே வீட்டு வழியா போனா டார்ச் எடுத்துக்கிட்டுப் போங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். என் சொந்தத் தம்பி சிரித்தான். பங்கஜவல்லியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவது என்று. புரோக்கர் கோதண்டத்தைக் கூப்பிட்டேன். உங்களை அழைத்து வந்தவன் அவன்தானே? சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணே, வீட்டின் மதிப்பைக் கூட்டாமல் வாயைத் திறக்கக் கூடாது என்றான். எப்படிக் கூட்டுவது என்று கேட்டேன். அதற்கென்றே பிறந்தவன் மாதிரி பேச ஆரம்பித்தான். வெளிப் பூச்சு, டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வாசலில் ரெண்டு தொட்டியில் செடி. வாங்க வருகிறவன் கண்ணில் முதலில் படுவது எதுவோ அதைச் செய்ய வேண்டும் என்றான்.

அத்தனையும் செய்தேன் சார். ஹால் டைல்ஸைப் பாருங்கள். ஈரம் பட்டால் யார் வந்தாலும் சாஷ்டாங்கமாக விழுவார்கள், சாமியே வந்தாலும் விழும். ஃபால்ஸ் சீலிங் போட்டதில் பல்லிக்கு மாடி வீடு கிடைத்தது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் வீட்டின் மதிப்பு கூடியது, என் வயிறுதான் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தால் லாரி சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, கை தானாகக் கியரைத் தேடுகிறது. கொஞ்ச நாள் காலையில் மச்சான் வீட்டுக்குத்தான் போய் வந்தேன். வெளியே வரும்போதெல்லாம் அவன் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு, “என்ன மாப்ளே, மதிப்பு எறங்குச்சா?” என்று கேட்பான்.

நான் செய்த ஒவ்வொன்றையும் அவனும் செய்தான். நான் கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி போட்டால் அவன் பித்தளையில் சிங்க முகம் போடுவான். நான் ரோஜாத் தொட்டி வைத்தால் அவன் பேரீச்ச மரம் வைப்பான். கோதண்டம் ரெண்டு வீட்டிலும் காபி குடித்தான். ஆனால் வாங்க வருகிறவர்கள் ரெண்டு வீட்டையும் ரோட்டில் நின்றபடியே குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே இறங்கவே இல்லை.

அப்போதுதான் பின் தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். தினமும் போய் நின்று பார்த்தேன். சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வரிசையாக ஜாக்கி சொருகுகிறார்கள். மேஸ்திரி விசில் அடித்தால் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஒரு திருகு திருகுகிறார்கள். வீடு முனகிக்கொண்டே எழுந்திருக்கிறது. கீழே இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க லாரிக்கு ஜாக்கி போட்டவன் நான். இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று என் மேலேயே கோபம் வந்தது.

என் பெரிய மனசைப் பாருங்கள், முதலில் அவனிடம்தான் போனேன். மச்சான், ரெண்டு வீட்டையும் சேர்த்துத் தூக்கிவிடுவோம், நடுச் சுவர் பொது என்பதால் அதுதான் நல்லது என்றேன். அவன் பல் குத்திக்கொண்டிருந்தான்.

“வீடு என்ன உங்க லாரியா மாப்ளே, ஜாக்கி போட்டு டயர் மாத்த? வேணும்னா உங்க பாதியைத் தூக்கிக்கங்க.”

தூக்கிக்கொள்ளுங்கள் என்றுதானே சொன்னான்? தூக்கிக்கொண்டேன்.

வீடு தூக்குகிற கம்பெனியின் இஞ்சினியர் பையன் தலையைச் சொறிந்தான். ரெண்டு கூரையும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கிறது, ஒன்றை மட்டும் தூக்க முடியாது என்றான். சுவரை அவனுக்கே விட்டுத் தொலை, என் பக்கம் உள்ளே தள்ளி எனக்கென்று தனிச் சுவர் எழுப்பு, கூரைத் தளத்தை அறுத்துப் பிரி என்றேன். ரொட்டியை அறுக்கிற மாதிரி கட்டர் வைத்து அறுத்தார்கள். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. புதுச் சுவர் உள்ளே வந்ததில் படுக்கை அறை கொஞ்சம் ஒடுங்கிவிட்டது, அவ்வளவுதான். ரெட்டைக் கட்டில் போட்டால் பீரோ திறக்கவில்லை. அதை விற்றுவிட்டு ஒற்றைக் கட்டில் வாங்கிப் போட்டேன். அறை பெரிதாகத் தெரிகிறது, மதிப்பு கூடும் என்று கோதண்டமே சொன்னான்.

எவ்வளவு தூக்க வேண்டும் என்று கேட்டார்கள். இஞ்சினியர் மூன்றடி போதும் என்றான். ரோடு இன்னும் ரெண்டு தடவை போட்டாலும் தாங்கும் என்றான். நான் ஏகாம்பரத்தின் ஜன்னலைப் பார்த்தேன். ஐந்தடி தூக்கு என்றேன். எதற்கு சார் அவ்வளவு, படி நிறைய வரும், வயசானவங்க இருக்கீங்க என்றான். வீடு என்னுடையதா உன்னுடையதா என்று கேட்டேன். ஐந்தடி என்று எழுதிக்கொண்டான். விசில் அடிக்க அடிக்க வீடு ஏறியது. எதிர்த்த வீட்டு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரத்தின் ஜன்னல் என் தரைக்குக் கீழே போன அன்றைக்கு ஆட்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

வேலை நடந்தபோது பங்கஜவல்லி எங்கே இருப்பாள்? அண்ணன் வீடு பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே இருந்தாள். அது நியாயம்தான். வேலை முடிந்ததும் நாள் பார்த்துத் திரும்பப் பால் காய்ச்சினோம். ஐயர் ஏறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கி மந்திரத்தில் பாதியை விழுங்கிவிட்டார். அது பரவாயில்லை, தட்சணையில் நான் ஒன்றும் குறைக்கவில்லை. பங்கஜவல்லி ஏறினாள். பாதிப் படியில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளாகவே அவளுக்கு முட்டி வலி உண்டு. முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து ஏறி வந்து, பால் பொங்கியதும் ஒரு வாய் குடித்துவிட்டு, பஸ்ஸிலிருந்து பின்பக்கமாக இறங்குகிற மாதிரி இறங்கிப் போனாள். எங்கே போகிறாய் என்றேன்.

“கால் ஆறட்டும்” என்றாள்.

இன்னும் ஆறவில்லை.

ரெண்டு நாள் பொறுத்து நான் இந்தப் பின் ஜன்னலில் நின்று கூப்பிட்டேன். கீழே அவர்கள் கொல்லையில் அவள் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

“இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் தெனமும் மலை ஏறணுமா? என்னை என்ன பழனிக்கா நேர்ந்து விட்டிருக்கு? நீங்க எறங்கி வந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

“உங்க அண்ணன் வீட்டுல நான் வந்து கையை நனைக்கணுமா? அவன் வந்து கூப்பிட்டானா?”

“கூப்பிட்டாதான் வருவேன்னா பட்டினி கெடங்க.”

ஆனால் பட்டினி போட மாட்டாள். அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். இதோ பாருங்கள், ஜன்னல் கம்பியில் கயிறு. அந்தக் காலத்துத் தார்ப்பாய்க் கயிறு, லாரியில் இருந்தது. பையைக் கட்டி இறக்குவேன். அவள் டிபன் கேரியரை வைப்பாள். நான் இழுத்துக்கொள்வேன். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் இறக்கினால் கீழேயிருந்து திட்டு மேலே வரும். போன கார்த்திகைக்குப் பொரி உருண்டை வைத்தாள். உப்பு குறைச்சல் என்று ஒருநாள் சொன்னதற்கு மறுநாள் கேரியரில் ஒரு தட்டு நிறைய உப்பு மட்டும் வந்தது. இதெல்லாம் ஏகாம்பரம் சொல்லிக்கொடுக்கிற வேலை. அவளுக்கு இவ்வளவு குசும்பு கிடையாது.

மழைக்கு வருகிறேன். வாங்க வந்தவர் நீங்கள், இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். போன ஐப்பசியில் அடித்து ஊற்றியது. ரோட்டுத் தண்ணீர், கால்வாய்த் தண்ணீர், என் மனையை மேடாக்கியதில் இங்கேயிருந்து வழிகிற தண்ணீர், எல்லாம் அவன் வீட்டுக்குள்ளே போயிற்று. தண்ணீர் பள்ளத்துக்குப் போகிறது, அதற்கு நான் என்ன செய்ய? என் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. பகல் முழுக்க ஜன்னலை விட்டு நகரவில்லை. எப்படியும் மேலே வந்துதானே ஆக வேண்டும்? ஹாலைப் பெருக்கிப் பாயை விரித்துவைத்தேன். ஏகாம்பரத்துக்குத் தனியாக ஒரு தலையணை வைத்தேன். அவன் என் வாசலில் நனைந்து நிற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். டார்ச் எடுத்து வந்தீர்களா மச்சான் என்று கேட்பதாக இருந்தேன்.

வரவில்லை சார். அவளால் படி ஏற முடியாது, அவளை விட்டுவிட்டு அவன் வர மாட்டான். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் அடுக்கி அவளை மேலே உட்கார வைத்துவிட்டு, முட்டித் தண்ணீரில் நின்று ஸ்டவ்வைப் பரண்மேல் வைத்துக் காபி போட்டுக் கொடுத்தான். ரெண்டு பேரும் என்னவோ பேசிச் சிரித்தது திறந்திருந்த கொல்லைக் கதவு வழியாகத் தெரிந்தது. வீம்பைப் பாருங்கள். இங்கே காய்ந்த தரையும் விரித்த பாயும் காத்துக்கிடக்கின்றன, அங்கே தண்ணீரில் உட்கார்ந்து சிரிப்பு. நான் பையில் ரெண்டு பால் பாக்கெட் வைத்து இறக்கினேன். அவன் எடுத்துக்கொண்டு, பையில் ஒரு டம்ளர் காபி வைத்தான். இழுக்கும்போது முக்கால்வாசி கொட்டிவிட்டது. மிச்சத்தைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். அவனுக்கு அளவே தெரியாது.

நீங்கள் போய் உதவியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள், கேட்பது சுலபம். அவன் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

அதற்கப்புறம்தான் அவன் வீட்டை விற்றே தீருவது என்ற முடிவுக்கு வந்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவன் வேறு மாதிரி சொல்லுவான். போன மாதம் ஒரு காலையில் அவனே இந்தப் படியில் ஏறி வந்தான். மூச்சு இரைக்கிறது. உள்ளே வரவில்லை, அந்த நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மாப்ளே, பையன் பெங்களூருக்குக் கூப்பிடறான். வெளி ஆளுக்குக் குடுக்க மனசு வரல. நீங்களே எடுத்துக்கங்க. அந்தச் சுவரும் உங்களுக்கே.”

யோசித்துப் பாருங்கள், எத்தனை வருஷமாக நான் காத்திருந்த ஆள் என் வாசலில் வந்து நிற்கிறான். அந்தக் காது குத்து, அந்தச் சாம்பார் வாளி, எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்துவிட்டது. “அந்தக் குழியை வாங்கி நான் என்ன, மீன் வளர்க்கவா?” என்று கேட்டுவிட்டேன். நல்ல பதில்தானே? அவன் சிரிப்பான், ஏதாவது திருப்பிக் கொடுப்பான் என்று நினைத்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனான். மறுநாள் அவன் கேட்டில் விற்பனைக்கு என்று பலகை தொங்கியது. அன்றைக்குக் கேரியரில் வெறும் ரசம். மகள் ஓசூரிலிருந்து போன் பண்ணினாள். அப்பா, அம்மா என்கிட்ட இருக்கட்டும், நீங்க மேலேயே இருங்க என்றாள். ஓசூர் வரைக்கும் போகிற கயிறு என்னிடம் இல்லை சார்.

எழுந்துவிட்டீர்களே. இருங்கள், ஒரு யோசனை இருக்கிறது, கேட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் எதற்கு அந்தப் பள்ளத்தை வாங்க வேண்டும்? இந்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராது, ஆட்டோ வெளிச்சம் விழாது, காற்று எப்படி வருகிறது பாருங்கள். டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், வெஸ்டர்ன் டாய்லெட், எல்லாம் புதுசு. டாய்லெட்டில் நான் அவ்வளவாக உட்காரவே இல்லை. உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் இந்தப் படியெல்லாம் ஒரு பொருட்டா?

நான் எங்கே போவேன் என்றா கேட்கிறீர்கள்? அந்த வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிரிக்காதீர்கள். பள்ளம் என்று சொன்னேன்தான், பிராடு என்று சொன்னேன்தான். சொன்னது எதையும் மாற்றவில்லை. ஆனால் நான் போய் வாயைத் திறந்து கேட்க முடியாது, கேட்டால் மீன் வளர்க்கவா என்று அவன் கேட்பான். நீங்கள் கேளுங்கள். வீடு பிடித்திருக்கிறது, ஆனால் மேல் வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், கீழ் வீட்டை அந்தப் பெரியவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று உங்கள் யோசனை மாதிரி சொல்லுங்கள். அவன் பெங்களூருக்குப் போகட்டும், போகாமல் இருக்கட்டும், அது அவன் இஷ்டம். ஒரு அறையை அவன் வைத்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. பெட்டியை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள்.

இதோ, கூப்பிடுகிறாள், கேட்கிறதா?

“என்னங்க, வீடு பார்க்க வந்தவரை மேல ஒக்கார வெச்சு என்ன கதை அளந்துக்கிட்டு இருக்கீங்க? அவங்க வீட்டம்மா தேடறாங்க. எறங்கி வரச் சொல்லுங்க.”

பார்த்தீர்களா, உங்களை மட்டும்தான் இறங்கி வரச் சொல்கிறாள். பரவாயில்லை, வாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இறங்குவதுதான் கஷ்டம். என் செருப்பு எங்கே? மச்சான் வீட்டுப் பக்கம் இறங்கியே நாளாகிவிட்டது. நீங்கள் முன்னால் போங்கள் சார். ஏகாம்பரம் வாசலில்தான் நிற்பான், பின்னால் வருவது யார் என்று உங்களைக் கேட்பான். அவரும் வீடு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.